கடலிலிருந்து வந்த டிராக்டர்

திண்டிவனத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேலாகப் புவியியல் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிலாவையும் பூமியையும் கரும்பலகையில் வரைந்து, கடல் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று வருடம் தவறாமல் விளக்கியிருக்கிறேன். அலைகள் கரையை எப்படி அரிக்கின்றன என்பதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் மரக்காணத்துக்குப் பக்கத்தில், மணலும் அலையும் சேரும் இடத்தில், பத்து சென்ட் நிலம் வாங்கினேன்.

நிலத்தைக் காட்டிய தரகர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். "சார், உங்களுக்கும் கடலுக்கும் நடுவுல ஒருத்தன் வர முடியாது." அதில் விழுந்தேன். திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் குளியலறை ஜன்னல்தான் தெரியும். அந்த வீட்டுக்காரர் குளிக்கும்போது பாடுவார். அவருக்கும் எனக்கும் நடுவில் நான்கடிச் சந்து. நடுவில் யாருமே வர முடியாத இடம் என்றதும் எனக்குக் கண்கள் கலங்கிவிட்டன.

என் மனைவி விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் செவிலியர். எதையும் சட்டென்று நம்புகிறவர் இல்லை. நிலத்தைப் பார்க்க வந்தவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு சுற்று நடந்துவிட்டுக் கேட்டார்.

"இத வாங்கி இன்னாங்க பண்ணப் போறீங்க?"

"கடலைப் பாத்துக்கினு இருப்பேன்."

"அதுக்கு பஸ் ஏறி வந்து பாத்துட்டுப் போனா ஆவாதா?"

சும்மா பார்ப்பதற்கும் சொந்தக்காரனாகப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க ஆரம்பித்தேன். அவருக்கு மதிய ஷிப்ட் இருந்தது. பாதியில் பஸ் ஏறிப் போய்விட்டார்.

பத்திரம் பதிந்த பிறகு முகையூரிலிருந்து அவருடைய தம்பி வந்து பார்த்தான். பரம்பரை விவசாயி. குனிந்து ஒரு பிடி மணலை எடுத்தான், முகர்ந்தான், நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். வெகு நேரம் யோசித்துவிட்டு, "மல்லாட்டைக்கு ஏத்த மண்ணுதான் மாமா. உப்ப மட்டும் எடுத்துட்டீங்கன்னா போதும்" என்றான். கடற்கரையில் வேர்க்கடலை! எனக்கு மரியாதை குறையக் கூடாது என்பதற்காக அவன் சொன்ன நல்ல வார்த்தை அது.

முதல் வேலையாக வேலி போட்டேன். கல்கால் நட்டு, மூன்று வரிசை முள்கம்பி. வேலை செய்ய வந்தவர் மூன்று பக்கமும் முடித்துவிட்டுச் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தார். நான் கிழக்குப் பக்கத்தைக் காட்டினேன்.

"கடல் பக்கமுமா சார்?"

"ஆமா."

"அந்தப் பக்கத்துலேர்ந்து யாரு சார் வரப்போறாங்க?"

"உரிமைன்னா நாலு பக்கமும் உரிமைதாங்க" என்றேன். அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு குழி தோண்ட ஆரம்பித்தார்.

வேலி முடிந்ததும் ஒரு தகரப் பலகையில் நீலப் பெயிண்ட் அடித்து, வெள்ளை எழுத்தில் நானே எழுதினேன்: 'இது தனியார் நிலம். அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம்.' இருட்டில் வருகிறவர்களும் படிக்க வேண்டுமே என்று பலகைக்கு மேல் ஒரு சோலார் விளக்கும் மாட்டினேன். இருட்டியதும் தானாக எரியும். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும், அங்கே என் உரிமை எரிந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணம் நன்றாகவே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது வேலியைக் காணவில்லை. கிட்டே போனதும்தான் தெரிந்தது, வேலி இருக்கிறது, அதன் மேல் வலை காய்கிறது. நான்கு பக்கமும் பச்சை வலை, நீல வலை. உள்ளே, என் பத்து சென்ட்டில், பாய் பாயாக மீன் காய்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஓர் அம்மா உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து மீனவக் குப்பத்தைச் சேர்ந்தவர், கருவாடு போட்டு விற்பவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பார்த்துப் பழகியும் அவரை நான் 'கருவாட்டு அம்மா' என்றுதான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

"வா சாரு, வா" என்றார், அவர் வீட்டுக்கு நான் விருந்துக்கு வந்ததுபோல. "நல்ல காரியம் பண்ண. இத்தினி நாளா வல காயப்போட எடமில்லாம ஒரே பேஜாரு. கம்பி கூட நல்லா டைட்டா இழுத்துக் கட்டிருக்கிற."

"இது தனியார் நிலம்மா."

"ஆமா, போர்டுல போட்டிருக்கியே. எங்க ஊட்டுக்காரரு படிச்சு சொன்னாரு. எழுத்து முத்து முத்தா இருக்குதுன்னாரு."

"அனுமதி இல்லாம உள்ள வரக்கூடாதுன்னும் போட்டிருக்கேனே?"

"நீதான் இங்க இல்லையே, யாராண்ட கேக்குறது? இப்ப வந்துட்ட, கேட்டுக்கறேன். உள்ள வரட்டா?"

அவர் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தார். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். "வாங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது?

போகும்போது ஒரு பொட்டலம் வாளைக் கருவாடு கொடுத்தார். என் நிலத்தில் விளைந்த முதல் விளைச்சல். அதைக் குழம்பு வைத்த என் மனைவி, "நெலம் நல்ல நெலம்தாங்க" என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டார்.

பிறகு வீடு கட்டும் யோசனை வந்தது. பெரிய வீடு இல்லை, ஓர் அறை, முன்னால் ஒரு வராந்தா. வரைபடத் தாளில் அளவோடு வரைந்து எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் உரிய அலுவலகத்துக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இளவயதுப் பொறியாளர் ஒருவர் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"சார்! நீங்கதான் சார் எனக்கு ஒம்பதாவதுல ஜியாகரபி எடுத்தீங்க. கடல் அரிப்பு, அஞ்சு மார்க்கு கேள்வி. அஞ்சும் எடுத்தேன் சார்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வந்த காரியம் முடிந்த மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு வரைபடத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கணினியில் கடற்கரை வரைபடம் ஒன்றைத் திறந்தார். பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். அவர் முகம் மாறிக்கொண்டே போனது.

"இந்தக் கோடு உயர் அலைக் கோடு சார். இதுலேர்ந்து இவ்ளோ தூரத்துக்குள்ள புதுசா கட்டடம் கட்டக்கூடாது. உங்க எடம் முழுசா அதுக்குள்ளதான் சார் இருக்குது."

"ஒரு சின்ன ரூம்?"

"முடியாது சார்."

"சுவர் இல்லாம, மேல கூரை மட்டும்?"

"முடியாது சார்."

"சரி, அப்ப அங்க நான் இன்னாதான் பண்ணலாம்?"

அவருக்கு என்னை ஏமாற்ற மனமில்லை. கொஞ்ச நேரம் நேர்மையாக யோசித்தார். "உக்காரலாம் சார்" என்றார்.

எழுந்து வரும்போது, "வேலி கீலி போட்டிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கினேன். நான் நடத்திய பாடம் எனக்கெதிராகவே இவ்வளவு சுத்தமாகத் திரும்பி வரும் என்று நினைக்கவில்லை. அவர் ஐந்துக்கு ஐந்து வாங்கியது நியாயம்தான்.

உட்காரலாம் என்று சட்டம் சொன்னதால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டேன். ஒரே வாரம். பௌர்ணமிக் கடல் ஏறி வந்து அதைக் கொண்டுபோய்விட்டது. அதற்கடுத்த வாரம் கருவாட்டு அம்மாவின் வீட்டுக்காரர் அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தார். வலையில் மாட்டியதாம். "சாரு, வல கனமா வந்ததும் பெரிய திருக்கைன்னு நெனச்சு நாலு பேரு சேந்து இழுத்தோம். பாத்தா ஒன் சேரு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். திருக்கையாக இல்லாமல் போனதற்கு நாற்காலியின் சார்பில்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மனைவியும் நிலத்துக்குப் போனோம். பள்ளியில் செய்முறைத் தேர்வு இருந்ததால் அதற்கு முந்தைய வாரம் போகவில்லை. வேலிக் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மணலில் டிராக்டர் தடம்.

சந்தேகமே இல்லை. இரண்டு பக்கமும் சாய்வாகப் பள்ளம் பள்ளமாக, டயரின் பட்டை பதிந்த மாதிரி, வரிசையாக. மண்ணை வாரிக்கொண்டு வேலியின் கீழ்க்கம்பிக்கு அடியில் நுழைந்து, நிலத்தின் நடுவரை வந்து, ஓரிடத்தில் மண்ணைக் கிளறிப் போட்டு, அரைவட்டம் அடித்துத் திரும்பிப் போயிருந்தது. பையில் பள்ளிக்கூட அளவுகோல் இருந்தது. அகலத்தை அளந்தேன், இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல். பெரிய டிராக்டர் இல்லை, சின்னது. என் நிலத்தை அபகரிக்க யாரோ உழ ஆரம்பித்திருக்கிறார்கள் என்று எனக்குப் பளிச்சென்று புரிந்தது.

"நடுவுல ஒரு கோடு போவுதே, வயித்த இழுத்துக்கினு போன மாதிரி?" என்றார் மனைவி.

"அது சைலன்சர் இடிச்சது."

"டிராக்டருக்கு சைலன்சர் மேலதானங்க இருக்கும்?"

"இது புது மாடல்" என்றேன். கோபத்தில் இருந்தேன்.

பத்துப் பதினைந்து போட்டோ எடுத்தேன். வலை உலர்த்தியிருந்த வேலிக் கல்காலில் சாய்ந்து நின்றே, 'ஐயா, கீழ்க்கண்ட எனது நிலத்தில்' என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் புகார் எழுதினேன். கருவாட்டு அம்மா நாலு நாளாக வெளியூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை.

காவல் நிலையத்தில் ஏட்டு ஒருவர் இருந்தார். என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, காகிதத்தை முழுவதும் படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"டிராக்டர நீங்க பாத்தீங்களா சார்?"

"இல்லைங்க. தடம் மட்டும்தான்."

"எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு?"

"கிழக்கேர்ந்து."

எழுதினார். "கெழக்க இன்னா இருக்குது? ரோடா?"

"இல்லைங்க. கடல்."

பேனா நின்றது. "சரி. எந்தப் பக்கமா போச்சு?"

"திரும்பவும் கிழக்கேதான்."

ஏட்டு பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். என் மனைவி சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மிகவும் அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். ஏட்டு உள்ளே திரும்பி, "யோவ், கொஞ்சம் இங்க வாய்யா. சார் சொல்றத நீயும் ஒருதரம் கேளு" என்று இன்னொரு காவலரைக் கூப்பிட்டார். அவர் முன்னால் நான் மறுபடியும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. கடல் என்ற இடம் வந்ததும் என் குரல் தானாகவே இறங்கியது. சொல்லச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

"போட்டோ இருக்குதா சார்?" என்றார் இரண்டாவது காவலர். காட்டினேன். ஒன்றைப் பார்த்ததுமே சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

ஏட்டு அடக்கிக்கொண்டார். அவருக்கு வயதும் அனுபவமும் இருந்தன. "சார், இது பங்குனி ஆமை. முட்டை வுட கரைக்கு வந்துட்டுப் போயிருக்குது. பெட்டிஷன வாபஸ் வாங்கிக்கறீங்களா, இல்ல டிராக்டர அடிச்சுட்டு ஆமைன்னு போட்டுக்கலாமா?"

"ஆமை மேல அத்துமீறல் கேஸ் போட முடியுமா?" என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். புகார் எழுதிய வேகம் இன்னும் அடங்கவில்லை.

"ஆமை மேல போட முடியாது சார். அதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நம்ம மேல போடுவாங்க" என்று சொல்லிவிட்டு, வனத்துறைக்குப் போன் செய்தார்.

மதியத்துக்குள் வனக் காவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மெலிந்த மனிதர். ஒரு குச்சியால் மணலை அங்கங்கே மெதுவாகத் தொட்டுப் பார்த்தார், ஓரிடத்தில் மண்டியிட்டார், கையால் மண்ணை விலக்கினார். பிங்பாங் பந்துகள் மாதிரி வெள்ளை முட்டைகள். மேலே நான்கைந்துதான் தெரிந்தன, கீழே நூற்றுக்கு மேல் இருக்கும் என்றார். உடனே மூடினார்.

"முட்டைய வழக்கமா எடுத்துக்கினு போயி எங்க கூண்டுல வெச்சுருவோம். இது வுட்டு ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும்போல. இப்ப அசைச்சா உள்ள இருக்கற குஞ்சுக்கு ஆவாது. இங்கயே இருக்கட்டும் சார். நாய் தோண்டாம பாத்துக்கணும்."

முட்டைக் குழிக்கு மேல் ஒரு கம்பிக்கூண்டைக் கவிழ்த்துப் பதித்தார். பிறகு எழுந்து வேலியைப் பார்த்தார்.

"கடல் பக்கம் எதுக்கு சார் முள்கம்பி?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. ஆனால் அதை ஆமை முட்டையின் பக்கத்தில் நின்று சொல்ல வாய் வரவில்லை. "எடுத்துடறேங்க" என்றேன். "லைட்டு எதுவும் போட்டுறாதீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார். பகல் நேரம், பலகைக்கு மேலிருந்த சின்ன விளக்கை அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. கரண்ட் விளக்கைத்தான் சொல்கிறார், சோலார் என்பது சூரிய ஒளிதானே, இயற்கைக்கு இயற்கை எப்படிக் கெடுதல் செய்யும் என்று எனக்குள் ஒரு வாதம் ஓடியது. இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறவனின் வாதம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் நான் எதுவும் சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். முதல் பீரியட் முடிவதற்குள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். எவ்வளவு நீளமான கடற்கரை, அதில் அந்த ஆமை என் பத்து சென்ட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதை அழுத்திச் சொன்னேன். கணக்கு வாத்தியார், "வாடகை ஒப்பந்தம் எழுதினியா?" என்றார். தமிழய்யா முட்டைகளுக்கு வாரிசுரிமை உண்டா என்று கேட்டார். எதுவும் எனக்கு உறைக்கவில்லை.

உண்மையில் மாறிப்போனவர் என் மனைவிதான். நிலம் வாங்கியதிலிருந்து சலித்துக்கொண்டே வந்தவர், முட்டை என்றதும் வார்டுக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிட்டார். வனக் காவலரிடம் போனிலேயே பேசி, சுமார் ஐம்பது நாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, விரல்விட்டு எண்ணித் தேதி குறித்தார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டிலில் தொங்குமே, அதே மாதிரி ஒரு அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கல்காலில் கட்டினார். வார்டு: கடற்கரை. அனுமதித்த தேதி: தெரியவில்லை. எதிர்பார்க்கும் தேதி: பங்குனிக் கடைசி. பொது நிலை: நலம். வருகிறவர்களிடம் செருப்பை வெளியே விடச் சொன்னார். நாயைக் கண்டால் அவர் போடும் சத்தத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த ஆண்களே எழுந்து நின்றுவிடுவார்கள்.

"சாரு, ஒன் ஊட்டம்மா வந்தாதான் இந்த எடத்துக்கு ஒரு பயம் இருக்குது" என்றார் கருவாட்டு அம்மா. என் போர்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வாரத்தில் நாங்கள் வராத நாட்களில் அவர்தான் காவல். முட்டைக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் ஆகாது என்று மீன் பாய்களைத் தானாகவே மேற்கு ஓரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். குப்பத்து ஆட்களும் படகுக்குப் போகும் வழியைக் கொஞ்சம் வளைத்துக்கொண்டார்கள். நான் முள்கம்பி போட்டும் நடக்காதது, ஒரு கம்பிக்கூண்டு வைத்ததும் நடந்தது.

பங்குனி முடியும் நேரத்தில் ஒரு மாலை கருவாட்டு அம்மா போன் செய்தார். "மண்ணு உள்வாங்கியிருக்குது சாரு. இன்னிக்கோ நாளைக்கோ வெளிய வந்துரும். வனத்துறைக்காரருக்கும் சொல்லிட்டேன். ஜல்தியா வந்து சேரு."

மனைவி உடனே லீவு போட்டார். நானும் போட்டேன். விடியற்காலை ஸ்கூட்டரில் கிளம்பி, வானம் இன்னும் வெளுக்காத நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேர் சற்றுத் தள்ளி அமர்ந்திருந்தார்கள். வனக் காவலர் வந்துகொண்டிருப்பதாகவும், மண் அசைந்தால் கூண்டை மட்டும் தூக்கிவிடச் சொன்னதாகவும் கருவாட்டு அம்மா சொன்னார். அலைச் சத்தம் மட்டும்.

மண் அசைந்தது. கொதிக்கிற கஞ்சியில் குமிழி வருகிற மாதிரி மணல் மெல்ல மெல்லப் பொங்கியது. கருவாட்டு அம்மா கூண்டைத் தூக்கினார். ஒரு கறுப்புத் தலை, பிறகு இரண்டு, பிறகு ஒரு கை நிறைய, பிறகு எண்ண முடியவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. துடுப்புகளைப் போட்டு மணலை அடித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. என் மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார். வார்டில் எத்தனையோ பிரசவம் பார்த்தவர்.

எல்லாம் சேர்ந்து வரிசையாக மேற்கே நடக்க ஆரம்பித்தன.

"ஐயையோ, அந்தப் பக்கமா எதுக்குப் போவுது?" என்றார் மனைவி. கடல் கிழக்கே இருந்தது. அவ்வளவும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் போர்டை நோக்கி, யாரோ கூப்பிட்ட மாதிரி விரைந்துகொண்டிருந்தன. வழக்கமாக நடு இரவிலேயே அணைந்துவிடுகிற சோலார் விளக்கு அன்றைக்கென்று பிரகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

"லைட்டு, சாரு, லைட்டு! வெளிச்சத்தக் கண்டா அதுதான் கடலுன்னு நெனச்சுக்கினு போவும்!" என்று கத்தினார் கருவாட்டு அம்மா.

ஓடினேன். ஒரு குஞ்சைக்கூட மிதித்துவிடக் கூடாதே என்று நொண்டி விளையாடுவது போல ஓடினேன். விளக்கில் பொத்தானைத் தேடினேன், இல்லை. தானாக எரிந்து தானாக அணைகிற விளக்கு, அதைச் சொல்லித்தான் விற்றார்கள். பிடுங்கிப் பார்த்தேன், நானே முறுக்கிய நாலு திருகாணி, அசையவில்லை. கையால் பொத்தினால் விரலிடுக்கில் ஒழுகியது. கீழே குஞ்சுகள் வந்துகொண்டே இருந்தன. வேறு எதுவும் தோன்றவில்லை. இடுப்பில் கட்டியிருந்த கைலியை அவிழ்த்து விளக்கின் மேல் சுற்றி, போர்டையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

இருட்டியது. வரிசை தடுமாறி நின்றது. கிழக்கே கடலுக்கு மேல் மெல்லிய சாம்பல் வெளிச்சம் வந்திருந்தது. முதலில் ஒன்று திரும்பியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாமே திரும்பின. பெண்கள் சிதறியவற்றைக் கூடையால் அணைகட்டி வழி காட்டினார்கள். அலை ஒன்று வந்து முன்வரிசையைத் தூக்கிக்கொண்டது. அடுத்த அலை அடுத்த வரிசையை.

நான் போர்டைக் கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் குஞ்சு நனைந்த மணலைத் தொடும்போது நன்றாகவே விடிந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில்தான் நான் பட்டாபட்டி அண்டர்வேரோடு, பாதிக் குப்பத்துக்கு நடுவில் நிற்பது எனக்கும் மற்றவர்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. வனக் காவலரும் அப்போதுதான் வண்டியை நிறுத்தினார்.

கருவாட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சாரு, சட்டையக் கழட்டியிருக்கலாமே?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவி அன்றைக்கு மணலில் உட்கார்ந்து சிரித்த மாதிரி, எங்களுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்த்ததில்லை.

அந்த விளக்கை அன்றே கழற்றினேன். கடல் பக்கத்து வேலியை எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தேனே, கீழ்க்கம்பிகளை மட்டும் எடுத்துவிட்டு மற்றதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழையில் புயல் ஒன்று வந்தது. கடல் எனக்காகக் காத்திருக்கவில்லை. கிழக்கு வரிசைக் கல்கால்களையும், அவற்றோடு சேர்த்து நிலத்தில் ஒரு பெரிய துண்டையும் எடுத்துக்கொண்டது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால், அது மேற்கு ஓரம்வரை ஏறி என் போர்டையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது; போர்டு இருந்த இடத்தில் ஒரு நண்டு குழி தோண்டிக்கொண்டிருந்தது.

எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமே. அளந்து தரச் சொல்லி மனு கொடுத்தேன். சர்வேயர் வந்தார். புதுத் துணி, பளபளக்கும் ஷூ, மூன்று கால் கருவி. மேற்கே இரண்டு எல்லைக் கற்களைக் கண்டுபிடித்தார். மூன்றாவது கல்லைத் தேடிக்கொண்டே கிழக்கே நடந்தவர், ஷூவைக் கழற்றினார், பேன்ட்டை மடித்தார், பிறகும் நடந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது, "கணக்குப்படி கல்லு இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்குது சார்!" என்று அங்கிருந்தே கத்தினார். அடுத்த அலை அவரை உட்காரவைத்தது. கருவாட்டு அம்மாவின் வீட்டுக்காரர் பாய்ந்துபோய் முதலில் கருவியையும் பிறகு சர்வேயரையும் காப்பாற்றினார்.

நனைந்த துணியைப் பிழிந்துகொண்டே அவர் படிவத்தை நிரப்பினார். "நாலு பக்கத்து நிலக்காரங்களுக்கும் நோட்டீஸ் போயிருக்கணும் சார். வடக்கு, தெற்கு, மேற்கு, மூணு பேரு கையெழுத்தும் இருக்குது. கிழக்கு?"

"கிழக்கே வங்காள விரிகுடாங்க."

அவர் வேலையில் கண்டிப்பான மனிதர். படிவத்தில் காலியிடம் விட அவருக்குப் பழக்கமில்லை. சிறிது நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். பிறகு எனக்கு வந்த நகலில் படித்தேன்: 'கிழக்கு எல்லைக்காரர் ஸ்தலத்தில் ஆஜராகி இருந்தார். கையொப்பம் பெற இயலவில்லை.'

ஆறு சென்ட் சொச்சம் மிச்சம் என்று வந்தது. அதில் நின்றிருந்த கல்கால்களையும் கம்பியையும் எடுத்துவிடலாம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம். குப்பத்தில், கடலிலிருந்து நன்றாகத் தள்ளி, வலை தைக்க ஒரு கொட்டகை போடப்போவதாகப் பேச்சிருந்தது. கேட்டார்கள், கல்கால்களைக் கொடுத்தோம். கொட்டகை எழும்பியதும் திறந்துவைக்க என்னையே கூப்பிட்டார்கள். துண்டு போர்த்தினார்கள், மைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

மைக் கிடைத்த வாத்தியாருக்கு இரண்டு வார்த்தை எப்படிப் போதும்? பங்குனி ஆமை எங்கிருந்து வருகிறது, எந்த நீரோட்டத்தில் நீந்துகிறது, பிறந்த கரைக்கே எப்படித் திரும்பி வருகிறது என்று, பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தபோது முன்வரிசையில் என் மனைவி இருந்தார். பின்வரிசையில் ஒரு நாய் இருந்தது, அதுவும் அவர் பார்வைக்குப் பயந்துதான் எழுந்து போகாமல் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் பக்கத்துப் பந்தலில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கருவாட்டு அம்மா கையில் கரண்டியோடு கொட்டகை வாசலுக்கு வந்தார்.

"சாரு, ஆமை போனா போவட்டும், அது அடுத்த வருசம் வரும். கொழம்பு ஆறிப்போவுது, வா."

மைக்கை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். வஞ்சிர மீன் குழம்பு. சூடாகத்தான் இருந்தது.